பழைய வீட்டுத் தோட்டத்தில் பைப் தட்டுப்பட்டால் செய்யக்கூடாதவை

வேலூரில் வேலப்பாடி, தோட்டப்பாளையம், காட்பாடி காந்தி நகர் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கிச் செடி வைக்கக் குழி வெட்டினால், இரண்டாவது குழியிலேயே ஏதாவது ஒரு பைப் தட்டும். கிணற்றில் மோட்டார் வைத்த காலத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், போர் போட்ட பிறகு வந்த சாம்பல் நிற பிவிசி, கார்ப்பரேஷன் தண்ணீருக்கு இழுத்த கறுப்பு எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். புதிது போட்டவர் பழையதைத் தோண்டி எடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

கடப்பாரையை முதலில் எடுப்பதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம். எந்த பைப்புக்கும் இரண்டு முனை உண்டு. தேட வேண்டியது அங்கே. கிணற்றுச் சுவரின் உட்பக்கத் துளைகள், போர் தலைப்பு, சம்ப், மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைன், சுவரோரம் டம்மி போட்டு மூடிய முனை, தெருப்பக்கக் காக் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். அந்தக் காலத்து பிளம்பர் சுற்றி வளைத்துப் போகமாட்டார். இரண்டு முனைகளை நேர்க்கோட்டில் இணைத்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

காய்ந்திருப்பதால் செத்த பைப் ஆகிவிடாது

உள்ளே தண்ணீர் இல்லை என்று பார்த்தவுடன் ஹாக்ஸா பிளேடை வைத்து அறுக்கிறார்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் நாள் முழுக்க வருவதல்ல. விடாத நாளில் அந்த லைன் காய்ந்துதான் கிடக்கும். அறுத்த பிறகு தண்ணீர் விடுகிற அன்று தோட்டம் குளமாகும், சேறு திரும்ப லைனுக்குள் போகும். குறைந்தது இரண்டு முறை தண்ணீர் விடும் வரை காத்திருங்கள். அந்த நேரத்தில் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பைப்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்தால் ஓட்டம் கேட்கும். இரும்பில் நன்றாகக் கேட்கும், பிவிசியில் மங்கலாக.

இதற்கு நேரெதிர் குழப்பமும் உண்டு. மோட்டார் ஓடாமலே தண்ணீர் நிற்கிற பைப், கிணற்றிலிருந்து கரைமேல் மோட்டாருக்கு வரும் உறிஞ்சு பைப்பாக இருக்கலாம். அடியில் உள்ள ஃபுட் வால்வுதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதில் ஆணி அளவு ஓட்டை விழுந்தாலும் காற்று புகுந்து மோட்டார் தண்ணீர் எடுக்காது.

மாடித் தொட்டியோடு தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க, இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறியுங்கள். உள்விட்டம் 1 மீட்டர் உள்ள தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 8 லிட்டர் எங்கோ போயிருக்கிறது.

தண்ணீர் பைப் என்று நினைத்தது வேறாக இருந்தால்

உயிருக்கு மிகவும் ஆபத்தானது இதுதான். கிணற்று மோட்டாருக்குப் போகும் கேபிளைப் பழைய தண்ணீர் பைப்புக்குள்ளேயே நுழைத்து விடும் வழக்கம் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது; டெஸ்டரைப் பைப் மேல் வைத்தாலும் எரியாது. இரண்டு முனையையும் கண்ணால் பார்க்காதவரை அறுக்காதீர்கள். மெயினை அணைத்தாலும், கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும்.

தரையிலிருந்து செங்குத்தாக நீட்டி நிற்கும் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பைப் பழைய குழாயின் மிச்சம் என்று பிடுங்குவது அடுத்த தவறு. பக்கத்தில் சிமெண்டுத் தொட்டியோ, பைப்பில் பிடித்த கம்பியோ, தோண்டும்போது கரித்துண்டோ தெரிந்தால் அது மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பைப். வழக்கமான அளவு 38 மி.மீ. விட்டம், 2.5 மீட்டர் நீளம். அதை எடுத்துவிட்டால் விளக்கு வழக்கம்போல எரியும். ஃபிரிட்ஜைத் தொடும்போதுதான் விஷயம் தெரியும்.

நான்கு அங்குல பைப் வந்தால் தோட்டப் பாசன லைன் என்ற எண்ணத்தை விடுங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மொட்டை மாடியிலிருந்து கிணற்றுக்கோ குழிக்கோ இறக்கியதாக இருக்கலாம். மாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். பழுப்பு நிறத்தில் பளபளக்கும் பீங்கான் பைப் என்றால் சாக்கடை, கையுறை போடுங்கள்.

தேடும்போது

மெட்டல் டிடெக்டர் பிவிசியைக் காட்டாது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடப்பவர் பணம் வாங்கிக்கொள்வார், பைப்பைக் காட்டமாட்டார். மின்சாரம் இல்லை என்று உறுதியான பைப்பின் திறந்த முனையில், ஒயரிங் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் நைலான் ஸ்பிரிங்கை நுழையுங்கள். 23 அடியில் முட்டி நின்றால், தரைமேல் அதே 23 அடியில் எல்போவோ அடைப்போ இருக்கிறது, குழி அங்கேதான். பஞ்சர் கடைக் காற்றை அடித்துப் பார்க்கவே கூடாது. அழுத்திய காற்றில் பழைய பிவிசி கசியாது, வெடித்துச் சில்லாகப் பறக்கும்.

எந்தச் செடிக்குப் போகிறது என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீரில் கேசரி பவுடர் கலந்து விடலாம், குடிநீர் லைன் இல்லை என்று உறுதியான பிறகு.

தோண்டும்போது பைப் போகும் வாக்கில் வெட்டாமல், குறுக்கே ஒரு அடி அகலத்தில் வெட்டுங்கள். முந்தின மாலையே மண்ணை நனைத்து வையுங்கள். சத்துவாச்சாரி மலையடிவாரச் சரளைக்கு இது அவசியம், பாலாற்றோர மணலுக்குத் தேவையில்லை. அரை அடிக்குக் கீழே களைக்கொத்தி மட்டும்.

கடைக்குப் போவதற்கு முன்

'ஒரு இஞ்ச்' என்று கேட்டு வாங்கிய கப்ளிங் சேராமல் திரும்பக் கடைக்கு ஓடுவது வாடிக்கை. விவசாய பிவிசியில் ஒரு அங்குலத்தின் வெளிவிட்டம் 32 மி.மீ., வெள்ளை யுபிவிசியில் 33.4, ஜி.ஐ.யில் 33.7. மண்ணைத் துடைத்து, துருவைச் சுரண்டி, நூலைச் சுற்றி அளந்தால் சுற்றளவு முதலாவதில் 10 செ.மீ., மற்றவற்றில் பத்தரை. இரண்டு அங்குலத்தில் விவசாய பிவிசி 19.8 செ.மீ., மற்ற இரண்டும் 18.9. பொருந்தாததைச் சூடு காட்டி விரித்துப் பசை தடவினால் சில மாதத்தில் மண்ணுக்குள் கசியும்.

கிடைத்த கிணற்று லைனை கார்ப்பரேஷன் லைனோடு ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு இணைக்க வேண்டாம். தெருவில் அழுத்தம் குறையும்போது கிணற்றுத் தண்ணீர் குடிநீரில் கலக்கும். நடுவில் வால்வு இருப்பதை நம்ப முடியாது.

மூடுவதற்கு முன் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் வீட்டு மூலையிலிருந்து ஒரு அளவு, கிணற்றுக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு அளவு. முருங்கை மரத்திலிருந்து அளக்காதீர்கள். அடுத்த பெருங்காற்றில் அது இருக்காது.