வெளியே 10 டிகிரி, உள்ளேயும் 10 டிகிரி: வெப்பக் காப்பு இல்லாத வீட்டில் குளிர்காலத்தைச் சமாளிப்பது எப்படி?

வெளிநாட்டுக்குக் குடிபெயர்பவர்கள் பெரும்பாலும் பனி கொட்டும் நாடுகளை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். ஆனால் கனடாவிலோ சுவீடனிலோ வீட்டுக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றிவிட்டால் அரைக்கைச் சட்டையோடு உட்காரலாம். குளிர்காலப் பகலில் ஏறத்தாழ 14, 15 டிகிரியும் இரவில் 7, 8 டிகிரியுமாக இருக்கும் ஆக்லாந்து, மெல்பர்ன், லிஸ்பன் போன்ற நகரங்களில்தான், பழைய வீடுகளுக்குக் குடிபோகிறவர்கள் கோட்டைக் கழற்றாமலே சாப்பிட உட்காருகிறார்கள். கடுங்குளிர் உள்ள இடங்களில் வெப்பக் காப்பு, அதாவது வீட்டின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு, இல்லாமல் வீடே கட்ட முடியாது. மிதமான இடங்களிலோ 'இரண்டு மாதக் குளிர்தானே' என்று ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் மெல்லிய சுவருமாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே வானிலை அறிக்கையை மட்டும் பார்த்துக் குளிருக்குத் தயாராவது பயன் தராது. வீட்டுக்குள் இருக்கும் குளிரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்கு முதலில் வேண்டியது, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறிய கருவி. அதைப் படுக்கையறையில் வைத்து விடியற்காலையில் பாருங்கள். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதல் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள், ஆனால் அதிகத் தொல்லை தருவது இரண்டாவது எண்தான்.

20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படியும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் இரவில் எளிதாக அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். காலையில் திரையை விலக்கினால் கண்ணாடி முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அது வழிந்து மரச்சட்டத்தின் கீழ்மூலையில் தேங்கும், சில வாரங்களில் அந்த மூலையில் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றும். அதுதான் பூஞ்சணம். பிறகு அலமாரியின் பின்பக்கம், தோல் காலணி, மெத்தையின் அடிப்புறம் என்று அது பரவும். நீரைக் காலையிலேயே பழைய துணியால் துடைத்துப் பிழிந்து எடுத்துவிடுவது இரண்டு நிமிட வேலை. பூஞ்சணம் வந்துவிட்டால் உலர்ந்த தூரிகையால் தேய்க்கக் கூடாது, நுண்வித்துகள் அறையெங்கும் பறக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, இடத்தை நன்றாக உலர விட வேண்டும்.

ஈரம் பெரும்பாலும் நம்மிடமிருந்தே வருகிறது. பாத்திரத்தை மூடிச் சமைப்பது, வெளியேற்றும் விசிறியைச் சமையல் முடிந்த பின்பும் சிறிது நேரம் ஓடவிடுவது, குளித்ததும் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அதன் ஜன்னலைத் திறப்பது ஆகியவை பழக்கமாகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். துவைத்த துணியைக் கூடத்தில் காயப்போட்டால் அதிலுள்ள நீர் முழுவதும் வீட்டுக் காற்றில்தான் கலக்கும். வேறு வழியில்லை என்றால் ஓர் அறையில் மட்டும் போட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலைச் சற்றுத் திறந்துவையுங்கள். குளிர்கிறதே என்று நாள் முழுவதும் ஜன்னல்களை அடைத்து வைப்பது இயல்பானதுதான், ஆனால் தவறு. காலையிலும் மாலையிலும் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து பத்து நிமிடம் காற்று ஓடவிட்டால், ஈரக்காற்று வெளியேறும்; சுவரும் தரையும் தாங்கியிருக்கும் வெப்பம் அதற்குள் போய்விடாது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதாக இருந்தால், குளிர்ந்த அறையில் கம்ப்ரசர் வகையின் திறன் குறைந்துவிடும் என்பதையும், உறிஞ்சு பொருளைக் கொண்டு இயங்கும் வகை அங்கும் நன்றாக வேலை செய்யும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது இடுக்குகள். காற்றடிக்கும் நாளில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் விளிம்பு, கதவின் அடிப்பகுதி, தரையும் சுவரும் சேருமிடம் ஆகியவற்றின் அருகே மெதுவாக நகர்த்துங்கள். திரைச்சீலையில் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகை நேராக எழாமல் உள்பக்கமாகச் சாயும் இடத்தில் ஒட்டும் பஞ்சு நாடாவை ஒட்டுங்கள். கதவடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தாலே போதும். எரிவாயுக் கருவிகளுக்காக விடப்பட்டிருக்கும் காற்றுத் துவாரங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

திரைச்சீலை தடிமனாக இருந்து, தரையைத் தொட்டு, ஜன்னலின் இருபுறமும் சற்று மீறித் தொங்க வேண்டும். கண்ணாடியில் நீர் தெளித்துக் குமிழ் உறையை (பபிள் ரேப்) ஒட்டினால் வெளிச்சம் வரும், குளிர் குறையும். அழகாக இருக்காது என்பது உண்மைதான். பகலில் வெயில் விழும் ஜன்னல்களின் திரையை விலக்கியே வைத்து, சூரியன் சாய்ந்ததும் உடனே இழுத்து மூடிவிடுங்கள். தென் அரைக்கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கு ஜன்னலில் விழும் என்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை.

வெப்பமூட்டுவதில் என் கருத்து ஒன்றுதான்: வீடு முழுவதையும் சூடாக்க முயலாதீர்கள், ஆளையும், ஆள் இருக்கும் ஓர் அறையையும் சூடாக்குங்கள். சாதாரண மின் ஹீட்டர் 2000 வாட் இழுக்கிறது. மின்போர்வைக்கு ஏறத்தாழ 100 வாட் போதும். அதாவது ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் செலவழிக்கும் மின்சாரத்தில் மின்போர்வை இரண்டு முழு இரவுகள் இயங்கும். அறைக்கு என்று பார்த்தால், சூடும் தரும் ஏசி, அதாவது ஹீட் பம்ப், ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு அலகு வெப்பம் தருகிறது; மற்ற மின் ஹீட்டர்கள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். ஹீட் பம்பின் வடிகட்டியைக் கழுவாமல் விட்டுவிட்டு 'சூடே வரவில்லை' என்று குறைப்படுபவர்கள் நிறைய. புகைப்போக்கி இல்லாத கேஸ் ஹீட்டரைத் தவிர்ப்பது நல்லது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் நீராவியாக அறைக்குள்ளேயே கலக்கும், கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு. அதே காரணத்தால் கரி அடுப்பையோ சமையல் அடுப்பையோ கொண்டு அறையைச் சூடாக்கவே கூடாது.

உடையில், ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். தரை விரிப்பும் கம்பளிக் காலுறையும் இல்லாமல் வேறெதுவும் முழுப் பலன் தராது. வெந்நீர்ப் பையில் கொதிநீரை ஊற்றாமல், மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடவும். கைக்குழந்தைகளின் படுக்கையில் வெந்நீர்ப் பையும் மின்போர்வையும் கூடவே கூடாது. ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். துணிகளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

இன்னும் வீடு பார்க்காதவர்கள், கோடைகாலத்தில் பார்க்கும் வீடு எதையும் காட்டிக்கொடுக்காது என்பதை உணர்ந்து, அலமாரிக்குள் தலையை நீட்டி முகர்ந்து பார்க்க வேண்டும்; ஜன்னல் மூலைகளில் புதிதாக அடித்த வண்ணம் தெரிந்தால் காரணம் கேட்க வேண்டும். கூரைக்கு மேல் வெப்பக் காப்பு இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில நாடுகளில் இது வாடகைதாரரின் சட்ட உரிமையும்கூட: நியூசிலாந்தில் 2025 ஜூலை 1 முதல் எல்லாத் தனியார் வாடகை வீடுகளின் கூடத்திலும் 18 டிகிரியை எட்டவல்ல, நிலையாகப் பொருத்தப்பட்ட ஹீட்டர் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள், பூஞ்சணத்தின் படங்களையும் விடியற்கால வெப்பநிலைக் குறிப்புகளையும் தேதியோடு சேர்த்து வீட்டு உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு ஆதாரம் இருக்காது.