மழைக்காலத்தில் கதவு பிடிக்கிறதா? இழைப்புளியைக் கடைசியாக எடுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் பல வீடுகளில் படுக்கையறைக் கதவு சாத்த வராது. தோளால் இடித்துத்தான் மூட வேண்டியிருக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடச் சொல்கிறோம். பங்குனி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியதும் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, காற்றடித்தால் தடதடக்கும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் பல கதவுகளுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரே போதும். இங்கே சொல்வது மர நிலையில் மாட்டிய சாதாரண உள் அறைக் கதவுக்கு.

1. எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள்

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு, கதவுக்கும் நிலைக்கும் இடையே ஒரு தாளைச் செருகி ஓரம் முழுக்க நகர்த்துங்கள். தாள் சிக்கும் இடம்தான் உரசும் இடம். இன்னும் துல்லியமாக வேண்டுமா? நிலையின் உள்பக்கம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை ஒருமுறை மூடித் திறங்கள். கதவின் ஓரத்தில் சாக்பீஸ் ஒட்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் குறியைப் படிக்க வேண்டும். கைப்பிடிப் பக்கம் மேல் மூலை உரசி, அதே பக்கம் கீழ் மூலை தரையைத் தொட்டால் கதவு தொங்கிவிட்டது. கோளாறு மேல் கீலில். கைப்பிடிப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக உரசினால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது. மரம் நீளவாக்கில் அதிகம் ஊதாது, அகலவாக்கில்தான் ஊதும். எங்குமே உரசாமல் கடைசி ஒரு அங்குலத்தில் கதவு எதிர்த்துத் திரும்பி வந்தால், கீல் மரத்துக்குள் அதிகம் புதைந்திருக்கலாம்.

2. கீல்களை முறுக்குங்கள்

கதவுக்கு அடியில் ஒரு மரத்துண்டையோ மடித்த அட்டையையோ செருகி, எடையைத் தாங்க வையுங்கள். அப்புறம் மேல் கீலில் தொடங்கி எல்லா ஸ்க்ரூக்களையும் கையால் முறுக்குங்கள். டிரில் மெஷின் வேண்டாம், வேகத்தில் துளை பெரிதாகிவிடும்.

ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றினால் துளை தேய்ந்துவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றி, பல்குத்தும் மூங்கில் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துத் துளை நிறையத் திணியுங்கள். வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் ஸ்க்ரூவை ஏற்றுங்கள். நிலைப் பக்கம் என்றால், மேல் கீலில் ஒரே ஒரு ஸ்க்ரூவை மட்டும் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு மாற்றிப் பாருங்கள். அது நிலையின் ஆழத்தில் போய்ப் பிடித்துக் கதவைத் தூக்கி நிறுத்தும். மெல்லிய ஸ்க்ரூவால் முதலில் சின்னத் துளை போட்டுக்கொண்டால் மரம் விரியாது.

இதற்குப் பிறகும் லேசாகத் தொங்கினால், கீழ்க் கீலின் நிலைப் பக்கத் தகட்டுக்குப் பின்னால் மெல்லிய அட்டை ஒன்றை வெட்டி வையுங்கள். கதவின் கைப்பிடிப் பக்கம் சற்றே மேலே எழும். அதிகம் புதைந்த கீலுக்கும் இதே அட்டைதான் மருந்து.

3. தாழ் விழாவிட்டால்

கதவு சாத்துகிறது, தாழ்ப்பாள் மட்டும் துளையில் விழவில்லையா? தாழின் நுனியில் குங்குமமோ சாக்பீஸோ தடவி மூடிப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் தகட்டின் துளையை அரத்தால் ராவினால் போதும்.

4. ஊதிய கதவு

மழைக்காலம் முடியும்வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள். அதுவரை உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவையுங்கள். தை, மாசியில் மரம் காய்ந்த பிறகும் உரசினால் மட்டும் இழையுங்கள்.

முதலில் 80 ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக் குறித்த இடத்தில் மட்டும் தேயுங்கள். போதாவிட்டால் இழைப்புளி. ஆணி, ஸ்க்ரூ ஏதும் இல்லையென்று பார்த்துவிட்டு, மர ரேகையின் போக்கிலேயே மெல்லிய சீவல்களாக எடுங்கள். இரண்டு தள்ளு தள்ளியதும் கதவை மூடிப் பாருங்கள். மேல், கீழ் ஓரங்களை இழைப்பதானால் மூலையிலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். வெளிப்பக்கம் தள்ளினால் மூலை பிளந்துவிடும். பிளஷ் டோரில் (இருபுறமும் பிளைவுட் ஒட்டிய தட்டையான கதவு) ஓரப்பட்டை மெல்லியது, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

பழைய பெயிண்ட் அடித்த கதவென்றால் கவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை ஈரப்படுத்தித் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

5. ஓரங்களை அடையுங்கள்

இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கதவின் கீழ் ஓரமும் மேல் ஓரமும் யார் கண்ணிலும் படாததால் பெயிண்ட் அடிக்காமலே மாட்டிவிடுவார்கள். வீடு துடைக்கும் தண்ணீரும் மழை ஈரமும் அங்கேதான் இறங்குகின்றன. இழைத்த இடத்துக்கும் இந்த இரண்டு ஓரங்களுக்கும் ப்ரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் கொடுங்கள். வார்னிஷ் கதவென்றால் வார்னிஷே போதும்.

கீழ் ஓரத்துக்குக் கதவைக் கழற்றத்தான் வேண்டும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கீழ்க் கீலை முதலில், மேல் கீலைக் கடைசியில் கழற்றுங்கள். மாட்டும்போது மேல் கீல் முதலில். நிலையைத் தட்டிப் பார்க்கும்போது உள்ளே வெற்றுச் சத்தம் வந்தாலோ மண்கோடு தெரிந்தாலோ கரையான் இருக்கலாம். அப்போது கதவில் கை வைக்காமல் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.