இருட்டில் வைத்த செடி உயரமாக வளர்ந்துவிட்டதா? வெளிச்சச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தொட்டி ஜன்னலோரம், இன்னொன்று அலமாரிக்குள். இரண்டிலும் பயறு ஊன்றி, ஒரு வாரம் கழித்து ஸ்கேல் வைத்து அளந்தால் பெரும்பாலும் அலமாரிச் செடிதான் உயரமாக இருக்கும். செடி வளர வெளிச்சம் தேவையில்லை என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிவிடுவார்கள். பெரியவர்களோ சோதனையே தவறிவிட்டதாக நினைத்து மண்ணைக் கொட்டிவிடுவார்கள். உண்மையில் சோதனை சரியாகத்தான் நடந்திருக்கிறது. உயரத்தை மட்டும் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

மண்ணுக்குள் முளைக்கும் விதை, தன்னுள் இருக்கும் உணவுக் கையிருப்பு தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். அதனால் இருட்டில் இருக்கும்வரை தண்டை நீட்டுவதிலேயே சக்தியைச் செலவிடும். தண்டு மெலிந்து வெளுத்திருக்கும். இலை சிறுத்து மஞ்சளாக இருக்கும். பயறு போன்ற பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகவே வெளிச்சம் வேண்டும். ஆகவே உயரத்தோடு இலையின் நிறம், அகலம், தண்டின் பருமன் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள்.

இன்னும் நல்ல அளவுகோல் உலர் எடை. பிடுங்கிய உடனே நிறுத்தால் பெரும்பகுதி தண்ணீரின் எடைதான். வேரோடு எடுத்து, மண்ணை அலசி, நன்றாகக் காயவைத்து நிறுங்கள். ஒன்றிரண்டு நாற்றுகளின் எடையைச் சமையலறைத் தராசு காட்டாது. ஒரு கொத்தாக நிறுக்க வேண்டும். உயரமாக நின்ற இருட்டு நாற்றுகள், விதையாக இருந்தபோது இருந்த எடையைக்கூட இழந்திருக்கும். சுவாசத்தில் சேமிப்பு கரைகிறது, வெளிச்சமில்லாமல் உணவு தயாரிக்க முடியாததால் புதிதாக எதுவும் சேர்வதில்லை. செடியின் பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில் மட்டுமே காற்றைத் தூய்மையாக்குகின்றன, இருட்டில் கெடுக்கின்றன என்று டச்சு விஞ்ஞானி யான் இங்கன்ஹவுஸ் 1779-ல் காட்டியதும் இந்தக் கணக்கின் மறுபக்கம்தான்.

அவசரமும் கெடுக்கும். முதல் சில நாட்கள் நாற்று வித்திலைகளில் (விதைக்குள் இருந்த பருத்த முதல் இலைகளில்) உள்ள உணவைத்தான் தின்கிறது; வெளிச்சம் இல்லாத குறை அப்போது வெளியே தெரியாது. இரண்டு மூன்று வாரமாவது விட வேண்டும். லெட்யூஸ் போன்ற சில விதைகள் முளைப்பதற்கே வெளிச்சம் கேட்பதால் இதற்குத் தோதல்ல.

அடுத்தது தண்ணீர். இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றுவதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் இருட்டில் மண் மெதுவாகக் காய்வதால் அங்கே வேர் அழுகும். பழி இருட்டின் மேல் விழும். மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரம் ஒரே மாதிரி இருக்கும்படி ஊற்றுங்கள். சூடும் இப்படித்தான்: வெயில் படும் ஜன்னலும் மூடிய அலமாரியும் ஒரே வெப்பத்தில் இருக்காது. நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றின் மேல் அட்டைப்பெட்டியையும் மற்றதன் மேல் ஒளி புகும் பிளாஸ்டிக் டப்பாவையும் கவிழ்த்துவிடலாம். அடியில் காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

ஆசையாக அடிக்கடி பெட்டியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. சில நிமிட வெளிச்சத்துக்கே இருட்டு நாற்று நடத்தையை மாற்றத் தொடங்கிவிடும். இரவில் மங்கலான விளக்கில் தண்ணீர் ஊற்றுவது நல்லது. ஒரு செடிக்கு ஒரு செடி என்ற ஒப்பீடும் வேண்டாம், இருட்டிலும் வெளிச்சத்திலும் குறைந்தது ஐந்தாறு செடிகள் இருக்கட்டும்.

முடிந்தால் இருட்டுத் தொட்டி ஒன்றை ஒரு வாரத்திலேயே தனியாக எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். சேமிப்பு தீராத நாற்றுகள் ஓரிரு நாளில் பச்சை பிடிக்கும். எடைக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.