காஹுகுராவையும் ஃபேக்காவையும் ஒப்பிடுவது எப்படி?

கிறைஸ்ட்சர்ச்சில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். நியூசிலாந்துக்கே உரிய இரண்டு உயிர்களை ஒப்பிட வேண்டும், அதில் ஒன்று அழிந்துபோனதாக இருக்க வேண்டும். அவள் எடுத்தது காஹுகுரா என்கிற சிவப்புப் பட்டாம்பூச்சியும் ஃபேக்காவ் என்கிற சிரிக்கும் ஆந்தையும். இப்படி மாட்டிக்கொள்ளும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

அளவிலிருந்து தொடங்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். ஆந்தை சுமார் 38 செ.மீ. உயரம், 600 கிராம். பூச்சி இறக்கை விரித்தால் 5, 6 செ.மீ. எழுதி முடித்ததும், "சரிப்பா, அதனால என்ன?" என்றாள். பதில் இல்லை.

அப்புறம் கேள்வியை மாற்றினோம்: குஞ்சு எங்கே வளர்கிறது, அதைத் தேடி யார் வருகிறார்கள்?

ஆந்தை பாறை இடுக்கில், தரையோடு தரையாக முட்டையிட்டது. 1880களில் முயல் தொல்லைக்காக ஸ்டோட், ஃபெரெட் போன்ற கீரி மாதிரி பிராணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓடுகிற முயலைவிட அடைகாக்கும் பறவை அவற்றுக்குச் சுலபம். உறுதியாகத் தெரிந்த கடைசி ஆந்தை 1914 ஜூலையில், தெற்கு கேன்டர்பரியின் புளூகிளிஃப்ஸில் செத்துக் கிடந்தது.

காஹுகுராவின் புழுவுக்குச் சுணைச்செடிகள்தான் சாப்பாடு. நம் செந்தட்டி மாதிரி, தொட்டால் எரியும். 1930களில் முட்டைக்கோஸைத் தின்னும் வெள்ளைப் பட்டாம்பூச்சியை ஒழிக்க ஒரு குட்டிக் குளவியை இறக்கினார்கள். அது காஹுகுராவின் கூட்டுப்புழுவிலும் முட்டையிடுகிறது. முயலுக்கு வைத்த குறி ஆந்தைமேல், வெள்ளைப் பூச்சிக்கு வைத்த குறி சிவப்புப் பூச்சிமேல்! இது கிடைத்ததும் மகளை நிறுத்த முடியவில்லை.

செடியைப் பார்க்கப் போனால் கையுறை கட்டாயம். நான் போடவில்லை, மறுநாள் வரை விரல் சுருசுருவென்றிருந்தது. ஓங்காஓங்கா என்கிற மரச்சுணைப் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம். அதனால் மனிதர் இறந்ததுண்டு. சுருட்டி ஒட்டிய இலைக்குள் புழு இருக்கும். காலிக் கூடு பிளந்திருந்தால் பட்டாம்பூச்சி வெளியேறிவிட்டது. குண்டூசி முனை அளவு துளை இருந்தால் குளவி.

கடைசியாக ஒரு யோசனை. கண்ணால் பார்த்ததைப் பச்சை மையிலும், படித்ததை நீலத்திலும் எழுதச் சொல்லுங்கள். அக்கார்டியன் வாசித்தால் அந்த ஆந்தை பக்கத்தில் வருமாம், அதுவும் நீலம்தான். ஆந்தைப் பக்கத்தில் ஏன் ஒரு பச்சை வரிகூட இல்லை என்று ஆசிரியர் கேட்டால், பிள்ளையே பதில் சொல்லட்டும். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.