போதையில் மயங்கியவரைத் 'தூங்கட்டும்' என்று விடாதீர்கள்

கூட்டத்தில் ஒருவன் சுருண்டு விழுந்தால் மற்றவர்கள் சொல்வது, "விடுடா, தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான்." ஆனால் உயிர் போவது பெரும்பாலும் அந்தத் தூக்கத்தில்தான். ஹெராயின், மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும் மருந்து) வகைகள் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை மந்தமாக்குகின்றன. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால், தனியாகத் தாங்கிய அளவே ஆளைக் கொன்றுவிடும். நாடித் துடிப்பு இருக்கிறதே என்று ஆறுதல் அடைய வேண்டாம். முதலில் நிற்பது மூச்சு.

பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டுத் தோளைத் தட்டுங்கள். அசைவில்லையென்றால் நடுமார்பு எலும்பில் விரல் மொளிகளால் அழுத்தித் தேயுங்கள். அப்படியும் விழிக்காவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பிறகு மார்பைப் பாருங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. பத்துக்குக் கீழே போனால் ஆபத்து. கரகரவென்று கேட்பதைக் குறட்டை என்று நினைத்துவிடுவார்கள். அது மூச்சுக்குழல் அடைபடும் சத்தம். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பதும் உதடு, நகம் நீலம் பாரிப்பதும் ஓபியாய்டு மிகையானதன் அடையாளங்கள். கறுத்த தோலில் நீலம் எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறத்தைப் பாருங்கள்.

மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்பக்கக் காலை மடக்கி முட்டுக் கொடுத்து, வாய் சற்றுக் கீழ்நோக்கும்படி தலையைச் சாய்த்து வையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். நகராமல் பக்கத்திலேயே இருங்கள். மூச்சு நின்றுவிட்டாலோ, எப்போதாவது விக்கல்போல் இழுத்தாலோ, மல்லாத்தி நடுமார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அமுக்குங்கள். 30 அமுக்கலுக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இங்கே அந்த ஊதல் முக்கியம், ஏனென்றால் தீர்ந்துபோனது ஆக்சிஜன்தான்.

நலாக்சோன் மூக்கு ஸ்பிரே கையில் இருந்தால் ஒரு நாசியில் முழுதாக அடியுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு தேறாவிட்டால் அடுத்த டோஸை மறு நாசியில் கொடுக்கலாம். இது ஓபியாய்டுக்கு மட்டுமே முறிவு மருந்து. என்ன சாப்பிட்டான் என்று தெரியாவிட்டாலும் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. இதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். உள்ளே இருக்கும் போதைப்பொருள் அதைவிட நீடித்தால் எழுந்து உட்கார்ந்தவன் மறுபடி சாய்வான். ஆகவே, "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

உப்புத் தண்ணீர், காபி, குளிர்ந்த நீரை ஊற்றுவது, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, எதுவும் வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்கு விழுங்கும் திறன் இருக்காது.

தின்னர், பசை மோந்தவரைத் துரத்தவோ மிரட்டவோ கூடாது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி அங்கேயே நிறுத்திவிடலாம். கொக்கைன், மெத் போன்ற ஊக்க போதைகளில் சிக்கல் வேறு: உடல் கொதிப்பு, வலிப்பு, நெஞ்சுவலி. துணியைத் தளர்த்தி, உடலை ஈரத்துணியால் குளிர்வித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அமைதியாக வைத்திருங்கள்.

மருத்துவரிடம் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எதோடு கலந்து என்று நான்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். காலி அட்டையையும் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி தொட்டவரென்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடல் பழக்கத்தை இழந்திருக்கும். பழைய அளவே இப்போது மிகை.