சீஇசட் 457 ரைஃபிளுக்கு அலுமினியச் சேஸிஸ் பொருத்துதல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

மரக்கட்டையுடன் வாங்கிய ஒரு சிறிய போல்ட் ரைஃபிளை (போல்ட் என்னும் அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) அலுமினியச் சேஸிஸுக்கு, அதாவது மரக்கட்டையின் இடத்தில் ரைஃபிளைத் தாங்கும் உலோகச் சட்டகத்துக்கு, மாற்றுவது, திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் முடிக்கக்கூடிய வேலை. இரண்டு திருகுகளைக் கழற்றி, அவற்றையே புதிய இடத்தில் முடுக்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு சுடுபவரின் உடலுக்கு ஏற்பச் செய்யவேண்டிய அளவு மாற்றங்களில்தான் சேஸிஸுக்குக் கொடுத்த பணத்தின் பயன் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. குழலின் தரத்தை எந்தச் சேஸிஸும் உயர்த்தாது. ஒவ்வொரு முறையும் தோளும் கன்னமும் விரலும் அதே இடத்தில் வந்து அமர அது வழிசெய்கிறது.

இந்த விளக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சீஇசட் 457 ரைஃபிளை எடுத்துக்கொள்கிறேன். 1936-இல் தொடங்கப்பட்ட, செக் நாட்டின் உஹெர்ஸ்கி பிராட் நகரத் தொழிற்சாலையில் உருவாகும் இந்த .22 எல்ஆர் (லாங் ரைஃபிள் என்னும் சிறிய தோட்டா வகை) ரைஃபிள் 2019-இல் அறிமுகமானது. முந்தைய 455 மாதிரியைவிட இதன் ரிசீவர் (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடுப்பகுதி) குட்டையானது. போல்ட்டைத் திறக்க 90 பாகைக்குப் பதிலாக 60 பாகை உயர்த்தினால் போதும் என்பதால், பெரிய ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்தினாலும் கை அதில் இடிப்பதில்லை. டிரிகரைச் சரிசெய்துகொள்ள முடியும். அமெரிக்காவில் நடைபெறும் என்ஆர்எல்22 போன்ற ரிம்ஃபயர் (தோட்டா அடியின் விளிம்பில் ஊசி அடிக்கும் வகை) போட்டிகளில், 25 முதல் 100 கெஜம் வரையிலான இலக்குகளை ஏணி, நாற்காலி, தடுப்புப் பலகை என்று வசதியற்ற இடங்களில் சாய்ந்தபடி சுடவேண்டியிருக்கும். அத்தகைய சூழலில் கச்சிதமான, நன்கு சமன்செய்யப்பட்ட ரைஃபிள் பெரிதும் உதவும்.

தொடங்குவதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. குறைந்தால் அது 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யவேண்டிய வகைக்குள் வந்துவிடும். 16.5 அங்குலக் குழலுடன் பல மாதிரிகள் விற்கப்படுவதன் காரணம் இதுவே. கனடாவில், மடிப்பதாலோ உள்ளிழுப்பதாலோ நீளம் 660 மில்லிமீட்டருக்குக் குறைந்து, அந்த நிலையிலும் சுடக்கூடியதாக இருக்கும் துப்பாக்கி கட்டுப்படுத்தப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆகவே மடிப்புக் கட்டையை விரும்புபவர்கள், வாங்குவதற்கு முன்பே தம் நாட்டின், மாநிலத்தின் விதியைப் படித்துவிட வேண்டும். தொடக்கநிலையாளருக்கு மடிப்புக் கட்டை தேவையே இல்லை என்பேன். எம்டிடி நிறுவனத்தின் ஓரிக்ஸ் போன்ற எளிய, மடியாத சேஸிஸே போதுமானது.

முதல் படி: பழைய நிலையைப் பதிவுசெய்தல்

மரக்கட்டையோடு இருக்கும்போதே, 50 கெஜத்தில் ஐந்து ஐந்து தோட்டாக்களாக ஐந்து குழுக்களைச் சுட்டு, அந்தத் தாள்களைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள். எந்தத் தோட்டாவைப் பயன்படுத்தினீர்கள், அதன் தொகுதி எண் என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். .22 எல்ஆர் ரைஃபிள்களில் ஒரு குழலுக்கு ஒரு தோட்டா ஒத்துப்போகும், இன்னொன்று ஒத்துப்போகாது. தோட்டாவை மாற்றினால் ஏற்படும் வேறுபாடு, கட்டையை மாற்றுவதால் வரும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். இந்த ஒப்பீட்டுத் தாள்கள் இல்லாமல் சேஸிஸ் உதவியதா இல்லையா என்பதை யாராலும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: வெறுமையாக்குதல்

வேலை செய்யும் மேசையிலும் அந்த அறையிலும் தோட்டா எதுவும் இருக்கக்கூடாது. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினைக் (தோட்டாப் பெட்டியை) கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் (குழலில் தோட்டா அமரும் இடத்தை) கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தடவி உறுதிசெய்யுங்கள். அதன் பிறகு டிரிகரை இழுத்துப் பிடித்தபடி போல்ட்டைப் பின்னோக்கி இழுத்தால், அது ரிசீவரிலிருந்து வெளியே வந்துவிடும். போல்ட்டைத் தனியே ஒரு துணியில் வைத்துவிட்டு, வேலை முடியும்வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மூன்றாம் படி: மரக்கட்டையிலிருந்து பிரித்தல்

ஸ்கோப் ரிசீவரின் மேலுள்ள 11 மில்லிமீட்டர் டவ்டெயில் (புறாவால் வடிவ) பள்ளத்தில் பிடிக்கப்பட்டிருப்பதால் அதைக் கழற்றவேண்டியதில்லை. ரைஃபிளைத் தலைகீழாக ஒரு மென்மையான தாங்கியில் கிடத்தி, அடிப்பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள இரண்டு இணைப்புத் திருகுகளைச் சரியான அளவுள்ள முனையால் தளர்த்துங்கள். அளவு பொருந்தாத முனையால் ஒரே ஒரு முறை முயன்றாலும் திருகின் தலை சிதைந்துவிடும். இரண்டையும் சிறிது சிறிதாக மாறி மாறித் தளர்த்தினால் ரிசீவர் மரத்திலிருந்து இழுபடாமல் எழும்பும். ஒவ்வொரு திருகும் எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதைக் காகிதத்தில் எழுதி, அதன் மேலேயே திருகை வையுங்கள். முன் திருகும் பின் திருகும் வேறு நீளத்தில் இருக்கலாம், நீளமானது தவறான துளைக்குள் போனால் உள்ளே இருக்கும் பாகத்தை முட்டும்.

நான்காம் படி: சேஸிஸில் அமர்த்துதல்

மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். ஒரு மழை நாளில் அது குழலின் ஒரு பக்கத்தைத் தொட்டுவிட்டால் தோட்டா விழும் இடமே மாறிவிடும். அலுமினியத்துக்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே ஒரு சிறு மணல் துகள் சிக்கினாலும் ரிசீவர் சாய்ந்து, முடுக்கும்போது வளைவு அழுத்தத்துக்கு உள்ளாகும். எனவே ரிசீவரின் அடிப்பகுதியையும், அது அமரும் சேஸிஸ் பள்ளத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ரிசீவரை மெதுவாக இறக்கி, அது எந்தப் பக்கமும் ஆடாமல் உட்காருகிறதா என்று இரு விரலால் அழுத்திப் பாருங்கள். திருகு போடுவதற்கு முன்பே ஆட்டம் இருந்தால், முடுக்கி அதைச் சரிசெய்ய முயலாதீர்கள்; எடுத்துவிட்டு மீண்டும் துடைத்து, எங்கே தட்டுகிறது என்று தேடுங்கள்.

இரு திருகுகளையும் விரலால் மட்டும் இறுக்கிய நிலையில், ரைஃபிளைக் குழல் மேல்நோக்கி இருக்குமாறு நிமிர்த்தி, கட்டையின் அடியைத் தரையில் ஊன்றுங்கள். அதன் எடையாலேயே ரிசீவர் பின்னோக்கிச் சரிந்து தன் இடத்தில் பதியும். அதே நிலையில் டார்க் திருப்புளியால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் திருப்புளி) முன் திருகைக் கொஞ்சம், பின் திருகைக் கொஞ்சம் என மாறி மாறி இறுக்குங்கள்.

இறுக்கத்தின் அளவை ஊகிக்கக் கூடாது. அலுமினியச் சேஸிஸ்களில் பெரிய செண்டர்ஃபயர் (தோட்டா அடியின் நடுவில் ஊசி அடிக்கும் வகை) ரைஃபிள்களுக்கு 65 இஞ்ச்-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.3 நியூட்டன் மீட்டர், என்பது பரவலான எண். அதை அப்படியே ஒரு ரிம்ஃபயர் ரைஃபிளுக்குக் கொண்டுவந்தால் சிறிய திருகின் மரை அழிந்துவிடும் அபாயம் உண்டு. உங்கள் சேஸிஸின் கையேட்டில் 457-க்கு எனக் கொடுக்கப்பட்டுள்ள எண்ணை மட்டுமே பின்பற்றுங்கள். நல்ல டார்க் திருப்புளிக்குச் செலவிடத் தயங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன்; சேஸிஸை ஒரு மாதம் தள்ளிப்போட்டாவது அதை முதலில் வாங்குங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன்.

ஐந்தாம் படி: இயக்கச் சோதனை

ஒரு தாள் துண்டைக் குழலுக்கும் சேஸிஸின் முன்பகுதிக்கும் இடையே நுழைத்து, ரிசீவர் அருகில்வரை தடையின்றிச் செல்கிறதா என்று பாருங்கள். மேகசின் தானாக இறங்கவும் உறுதியாகப் பூட்டவும் வேண்டும். போல்ட்டைப் பொருத்தி, சேம்பர் காலி என்பதை மறுபடியும் உறுதிசெய்துகொண்டு, ஏற்கெனவே சுட்ட வெற்று உறை ஒன்றைச் சேம்பரில் வைத்து மூடுங்கள். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு டிரிகரை அழுத்தினால் எதுவும் நடக்கக்கூடாது. பூட்டை எடுத்த பிறகும், டிரிகரைத் தொடாதவரை எதுவும் நடக்கக்கூடாது. அடுத்து, பூட்டு எடுக்கப்பட்ட நிலையிலேயே கட்டையின் அடியில் உள்ளங்கையால் பலமாகத் தட்டுங்கள். அப்போது சுடும் ஊசி விழுந்தால், டிரிகர் சேஸிஸின் சுவரை உரசுகிறது அல்லது டிரிகரின் அமைப்பு அளவுக்கு மீறி இலேசாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையில் தேறாத ரைஃபிளில் தோட்டா ஏற்றவே கூடாது; அதை அனுபவமுள்ள துப்பாக்கிப் பணியாளரிடம் கொண்டுசெல்லுங்கள்.

ஆறாம் படி: உடலுக்கு ஏற்ப அமைத்தல்

இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் நீளம். டிரிகரிலிருந்து கட்டையின் அடிவரை உள்ள தூரம் தொழிற்சாலைக் கட்டைகளில் பெரும்பாலும் 13 முதல் 14 அங்குலம் இருக்கும். சேஸிஸில் இடைத்தட்டுகளைச் சேர்த்தோ எடுத்தோ இதை மாற்றலாம். தடித்த குளிர்கால மேலுடை அணிந்து சுடுபவருக்கு ஒரு தட்டைக் குறைக்கவேண்டி வரும். கையில் பிடித்துப் பார்த்து, சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதைப்பகுதி டிரிகரின் மேல் அமர்ந்து, நேராகப் பின்னோக்கி இழுக்கும்படி இருக்கவேண்டும். பெரும்பாலான சேஸிஸ்கள் ஏஆர்-15 என்னும் பரவலான ரைஃபிளின் வகைப் பிடியை ஏற்பதால், உள்ளங்கை பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் பிடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது கன்னத்தாங்கி. பழைய மரக்கட்டைகள் தாழ்ந்த குறியை மனத்தில் வைத்து வடிக்கப்பட்டவை என்பதால், பெரிய ஸ்கோப்பில் பார்க்கும்போது கன்னத்துக்குப் பதிலாகத் தாடைதான் மரத்தில் படுகிறது. கழுத்து சிறிது நேரத்தில் சோர்ந்து, தலை நகர்கிறது. பல ஸ்கோப்புகளின் இடமாறு தோற்றம் 100 கெஜத்துக்கெனச் சரிசெய்யப்பட்டிருப்பதால், 25 கெஜ இலக்கில் தலை சற்று நகர்ந்தாலே குறுக்குக் கோடு இலக்கின் மேல் இடம் மாறிவிடும். ரிம்ஃபயரில் குறி தவறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். சரிபார்க்கும் முறை எளிது: கண்களை மூடி, ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைத் தளர்வாகத் தாங்கியில் சாயுங்கள்; பிறகு கண்ணைத் திறங்கள். வட்டம் முழுவதும் நிழலின்றித் தெரிந்தால் உயரம் சரி. மேலே நிழல் இருந்தால், கீழே இருந்தால் என்று இரண்டையும் கவனித்து, ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய அளவே தாங்கியை நகர்த்திப் பாருங்கள். நீளத்தை மாற்றியதால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரமும் மாறியிருக்கும். தேவைப்பட்டால் வளையங்களைத் தளர்த்தி ஸ்கோப்பை முன்னோ பின்னோ நகர்த்தி, தூரத்தில் தொங்கவிட்ட தூக்குநூலோடு செங்குத்துக் கோட்டை ஒப்பிட்டு நிமிர்த்துங்கள்.

ஏழாம் படி: துணைப்பொருள்களும் எடையும்

சேஸிஸின் முன்பகுதியில் இருக்கும் எம்-லாக் (துணைப்பொருள்களைப் பூட்டுவதற்கான நீள்துளை முறை) துளைகளில், 2014 முதல் புழக்கத்துக்கு வந்த அந்த முறைக்குரிய இருகால் தாங்கியையோ, கேமரா முக்காலியிலிருந்து வந்த ஆர்கா வகைத் தண்டையோ பொருத்தலாம். முதல் மாதத்தில் இருகால் தாங்கி ஒன்றே போதும். ரைஃபிளின் சமநிலைப் புள்ளியை ஒரு விரலில் வைத்துக் கண்டுபிடித்து, அது மேகசினுக்குச் சற்று முன்னே இருக்குமாறு எடையைச் சேர்ப்பது, தடுப்புப் பலகையில் சாய்ந்து சுடும்போது நல்ல பலனைத் தருகிறது.

இறுதியாக, முதலில் பயன்படுத்திய அதே தொகுதித் தோட்டாக்களுடன் 50 கெஜத்தில் மீண்டும் சுழியப்படுத்துங்கள், அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழுமாறு ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். கட்டை மாறியதால் விழும் இடம் நகர்ந்திருப்பது இயல்பு. ஐந்து குழுக்களைச் சுட்டுப் பழைய தாள்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஐம்பது தோட்டாக்களுக்குப் பிறகு ரைஃபிளை மீண்டும் வெறுமையாக்கி, டார்க் திருப்புளியால் இரு இணைப்புத் திருகுகளையும் சரிபார்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் சேஸிஸிலும் தொடும்படி ஒரு மெல்லிய வண்ணக் கோடு இழுத்துவையுங்கள். அடுத்த முறை பெட்டியைத் திறக்கும்போது அந்தக் கோடு உடைந்திருந்தால், திருகு தளர்ந்திருக்கிறது.