சூட்டைச் சேமிக்கக் கிளம்புகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

உபரி மின்சாரத்தில் பயர்பிரிக்கை (சூடு தாங்கும் செங்கல்) சூடாக்கி வைத்து, வேண்டும்போது ஸ்டீம் எடுத்துக்கொள்ளலாம், விறகு பாய்லரை ஓரங்கட்டிவிடலாம் என்று சொல்லும் திட்ட அறிக்கைகள் ஈரோடு, பெருந்துறை, திருப்பூர் பக்கம் என் மேசைக்கு வருகின்றன. யோசனையில் பிழையில்லை. செங்கல் மலிவு, ஆயிரம் டிகிரியைத் தாங்கும். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் இடறிய இடங்களிலேயே புதுப் பையன்களும் இடறுகிறார்கள். இன்சுலேஷன் மெலிசு, தண்ணீர் சரியில்லை போன்றவை எந்த பாய்லர்காரருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

யூனிட்டைப் பார்த்துவிட்டு கேவிஏவை மறப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. யூனிட் என்பது மொத்தமாக எடுத்த மின்சாரம். கேவிஏ என்பது ஒரே சமயத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்ற அளவு, ஆயிரம் கேவிஏ ஏறக்குறைய ஒரு மெகாவாட்.

மணிக்கு 4 டன் ஸ்டீம் ஓடும் ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 680 யூனிட் சூடு. ஒரு நாளைக்கு 65,000 யூனிட். அறிக்கை எழுதுகிறவர் இதை நடுப்பகலின் மலிவு விலையால் பெருக்கி, விறகுச் செலவோடு ஒப்பிட்டு, மிச்சத்தைத் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறார். மலிவு மின்சாரம் கிடைப்பதோ ஆறு மணி நேரம். அதற்குள் 65,000 யூனிட்டை ஏற்ற வேண்டுமென்றால் 11 மெகாவாட் இழுக்க வேண்டும். அந்தப் பட்டறையின் ஒப்பந்த டிமாண்ட், அதாவது மின்வாரியத்திடம் எழுதி வாங்கிய உச்ச அளவு, 600 கேவிஏ. தொட்டி பெரிசு, குழாய் அரை இஞ்ச்!

அந்த அளவுக்கான கட்டணமான டிமாண்ட் சார்ஜ் கேவிஏவுக்கு மாதம் 550 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், 11,000 கேவிஏவுக்கு 60 லட்சம். ஒரு யூனிட் எடுப்பதற்கு முன்பே இந்தப் பில். காற்று சீசன் முடிந்து உபரி வற்றிய மாதங்களிலும் ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குக் காசு கட்டியாக வேண்டும். புது லைன், டிரான்ஸ்பார்மர், சுவிட்ச்யார்டு செலவு தனி.

ஒரு முதலாளியின் அலுவலகத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதினேன். “ஏனுங்க, இந்த அறுவது லட்சம் அவங்க ரிப்போர்ட்ல எங்கீங்க இருக்குது?” என்றார். எங்கும் இல்லை. அறிக்கை தயாரித்த தம்பி, “யூனிட் ரேட் மட்டும்தான் சார் கேட்டாங்க” என்றார். முன்பணம் அதற்குள் கைமாறியிருந்தது.

வெளிநாட்டு உதாரணங்களைக் காட்டும்போதும் இதே கண்மூடித்தனம்தான். பின்லாந்தின் போர்னாய்னனில் 2025இல் திறந்த மணல் கலத்தின் (சூட்டைச் சேர்த்து வைக்கும் தொட்டி) கொள்ளளவு 100 மெகாவாட்-மணி, அதாவது ஒரு லட்சம் யூனிட். ஆனால் அது சூடு கொடுக்கும் வேகம் 1 மெகாவாட் மட்டுமே. ஊர்க் கட்டடங்களைச் சூடாக்கும் வெப்பக் குழாய்களுக்கு நாள்கணக்கில் மெதுவாகக் கொடுப்பது அதன் வேலை. தினமும் நிரப்பிக் காலி செய்வதற்கல்ல. அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஓர் எண்ணெய் வயலில் ஓடத் தொடங்கிய செங்கல் கலமும் 100 மெகாவாட்-மணிதான். அதற்கோ 20 மெகாவாட் சோலார் பக்கத்திலேயே நிற்கிறது, கிரிட்டைத் தொடுவதே இல்லை. அவர்களுக்கு நிலம் இருக்கிறது. நம் பட்டறைக்கு அப்படிச் செய்ய ஐம்பது ஏக்கருக்கு மேல் வேண்டும். திருப்பூரில் யாரிடம் இருக்கிறது?

ஆகவே முதல் பக்கத்திலேயே கேவிஏவை எழுதுங்கள். இருக்கும் லைனில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அதற்கேற்ற சிறு கலத்தை மட்டும் வையுங்கள். விறகு பாய்லர் பக்கத்தில் ஓடட்டும், வெட்கமில்லை.

ஆடிக் காற்றை மார்கழிக்குச் சேர்த்து வைப்பது

முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை கொட்டிக் கொடுக்கும். அதற்காகக் கலத்தை மாதக்கணக்கில் நிரப்பி வைக்க நினைக்காதீர்கள். தினமும் ஏறி இறங்கினால்தான் போட்ட முதல் திரும்பும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் காலியாகும் செங்கல் குவியலுக்கு எந்த வங்கியும் கடன் தராது.

சூட்டைத் திரும்ப மின்சாரமாக்குவது

வேண்டாம். ஹாம்பர்க்கில் 2019இல் ஆயிரம் டன் எரிமலைக் கல்லை வைத்துச் செய்து பார்த்தார்கள், வணிகமாக நிற்கவில்லை.

ஹீட்டரை உச்சத்திலேயே ஓட்டுவது

ஸ்டீமுக்கு வேண்டியது 180 டிகிரி. கலம் ஆயிரத்தைத் தாண்டினால் கொள்ளளவு கூடும் என்பது உண்மைதான், ஹீட்டர் காயிலின் ஆயுள் அதற்கு விலை.

முதல் சூடேற்றத்தில் அவசரம்

கலத்தின் உட்புறம் சூடு தாங்குவதற்காகக் குழைத்து வார்க்கும் புதுப் பூச்சுக்குள் தண்ணீர் இருக்கும். வேகமாக ஏற்றினால் உள்ளேயே ஆவியாகி அடுக்கடுக்காக வெடித்து உரியும். தயாரிப்பாளர் தந்த உலர்த்தும் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு மணிக்கும் வெப்பநிலையைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். திறப்பு விழாத் தேதியை அதற்குப் பிறகு அச்சடிக்கலாம்.